பாலாறு: தீர்ப்புக்குப் பிறகும் தீராத வழக்கு

புது தில்லி: கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வழியாகத் தமிழகத்துக்குள் நுழையும் பாலாறு, வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுமந்தது. கிணறுகள் கெட்டன, முதலில் பிழைப்பை இழந்தவர்கள் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமே.

அவர்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தமிழகத் தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குப் பயனற்றுப் போனதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

இதையடுத்து அமைக்கப்பட்ட ஆணையம், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 547 ஆலைகள் இழப்பீடு வழங்க வேண்டும் என 2001-ல் உத்தரவிட்டது. ஆனால், பாக்கித் தொகையைப் பெறவும் மாசைத் தடுக்கவும் வேலூர் மக்கள் மீண்டும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

நிலுவை இழப்பீட்டை அரசு ஆறு வாரங்களில் வழங்கி, ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பணம் கொடுத்ததோடு பொறுப்பு முடியாது. சேதம் சீராகும்வரை தொடரும் என்றும் கூறியது.

சட்டத்தை வென்றெடுத்த மக்களுக்கு, அதை நிறைவேற்ற வைப்பதே பெரும் போராட்டமாகியுள்ளது.