காரை விற்கப் போகிறீர்களா? வாங்கிய விலையை மறந்துவிடுங்கள்

2026 ஜனவரியில் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு ஹட்டனில் உள்ள என் கடைக்குத் திரும்பினேன். வாசலில் பளிச்சென்று ஒரு மஞ்சள் நிறக் கார் நின்றது. கம்பளையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் என் மருமகன், சகோதரியின் மகன், அதிலிருந்து இறங்கினான். ஸலாம் சொன்ன கையோடு, "மாமா, இத வித்துத் தாங்க" என்றான்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் வெள்ளம் அவனுடைய களஞ்சியத்துக்குள் புகுந்து சீனி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் அழித்துவிட்டது. கார் மட்டும் அன்று மேட்டில் வேறிடத்தில் நின்றதால் தப்பியது. கடையைத் திரும்பத் திறக்கக் கையில் காசு வேண்டும். கார் வாங்கிப் பத்து மாதம்தான் ஆகிறது.

"என்ன விலை நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வாங்கின விலைக்கு மேல பத்து இலட்சம் வைக்கலாம் மாமா. எங்கட நாட்டில கார் விலை இறங்கின சரித்திரம் இருக்கா?"

இது அவன் ஒருவனுடைய எண்ணமல்ல. நமது வியாபாரிகளில் பலர் இன்றும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருட மயக்கம்

உலகத்தில் மற்ற நாடுகளில் புதுக் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்தவுடன் விலை இறங்கத் தொடங்கிவிடும். முதல் வருடத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு போவது அங்கே சாதாரணம். நம் நாட்டில் அது தலைகீழாக நடந்ததற்கு இரண்டு காரணங்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பிறகு 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. புதிய வாகனம் வராது, ரூபாவுக்கும் மதிப்பில்லை. அதனால் ஓடித் தேய்ந்த காருக்கும் வாங்கிய விலையை விட அதிகம் கிடைத்தது.

ஆனால் அது இலாபமா? எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பழைய காரை வாங்கிய விலையைப் போல் இரு மடங்குக்கு விற்றுவிட்டுச் சந்தோஷப்பட்டார். அடுத்த மாதம் அதே மாதிரிக் கார் ஒன்றைத் தேடிப் போனபோது கையில் இருந்த காசு போதவில்லை. விலை ஏறியதாக நாம் நினைத்தோம். உண்மையில் ரூபாதான் இறங்கியிருந்தது.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் கார்களையும் மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. வரி மிக அதிகம் என்பதால் விலை ஒரேயடியாக விழவில்லை. ஆனாலும் பழைய காரை வாங்க வருகிறவர் இனி நீங்கள் கொடுத்த விலையைப் பார்க்கமாட்டார். அதே காசுக்குக் கப்பலில் என்ன வருகிறது என்று பார்ப்பார்.

மருமகனுக்கு அவனுடைய வியாபாரத்தை வைத்தே விளக்கினேன். "நீ கூடின விலைக்கு எடுத்த சீனி மூட்டை களஞ்சியத்தில் கிடக்கிறது. மறுவாரம் இறக்குமதி விலை குறைகிறது. பழைய விலைக்கு யாராவது வாங்குவார்களா?" சிரித்தான். பதில் சொல்லவில்லை.

இந்த வகைக் காரின் குணம்

அவனுடையது சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட். 1,371 சிசி டர்போ எஞ்சின், 140 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. நம் மலைகளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அதற்கேற்ப வலு இழந்து மூச்சு வாங்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் அந்த இழப்பு பெருமளவு ஈடாகிறது. 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றக் காரோட்டப் போட்டி நுவரெலியாவில்தானே நடக்கிறது! வேகக் காரின் மீது இளைஞர்களுக்கு உள்ள ஆசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

ஆனால் ஆசைப்படுகிறவர் வேறு, காசு எண்ணி வைக்கிறவர் வேறு. ஹட்டனில் கார் வாங்குகிற ஆசிரியரோ கடைக்காரரோ அல்ட்டோ, வேகன் ஆர் என்றுதான் பார்ப்பார். இது தரைக்கு நெருக்கமான கார். 17 அங்குலச் சக்கரத்தில் மெல்லிய டயர், தோட்டப் பாதைக் குழியில் ஒருமுறை இறங்கினால் டயருக்கும் ரிம்முக்கும் செலவு. பெற்றோலும் விலை கூடிய 95 ஒக்டேன் போடுவதுதான் நல்லது. போதாததற்கு இவனுடையது கையால் கியர் மாற்றும் கார்.

வாங்குகிறவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சிலருக்கு இதுவேதான் வேண்டும். ஜப்பானில் இந்த மொடலின் இறுதிப் பதிப்பு 2025இல் வந்தது என்பதையும் அவர்கள் அறிவார்கள். இவர்களைக் கண்டி, கொழும்பு, நீர்கொழும்பில் தேட வேண்டும். ஊர்த் தரகரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள் போகும், விலையும் போகும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட காரை வாங்கும் இளைஞர்கள் சத்தமான சைலன்சர், வேறு சக்கரம், எஞ்சின் வலுவைக் கூட்டும் மாற்றங்கள் என்று செலவழிப்பார்கள். விற்கும்போது அந்தச் செலவு திரும்பி வராது. "இதை எப்படியெல்லாம் விரட்டியிருப்பான்?" என்ற சந்தேகம்தான் வரும். கழற்றிய பழைய பாகங்களை வைத்திருந்தால் திரும்பப் பூட்டிவிட்டு விற்பதே உத்தமம். சேர்விஸ் பற்றுச்சீட்டுகள், ஜப்பான் ஏல அறிக்கை, இரண்டாவது சாவி ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருங்கள். தரகரின் பேச்சை விட அந்தக் கோப்பு அதிகம் பேசும்.

தவணைக் கணக்கு

இப்போது ஒரு கணக்கு. இலகுவாக இருக்கட்டும் என்று விலையை ஒரு கோடி ரூபாவாக வைப்போம். பாதி கைக்காசு, பாதி நிதி நிறுவனத்தின் காசு. ஐந்து வருடத் தவணை. இஜாராவோ வேறு முறையோ, நிறுவனம் எடுக்கும் பங்கு குறைந்து செல்லும் மீதித் தொகையில் வருடம் 14 வீதம் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 16 ஆயிரம். பத்து மாதத்தில் நீங்கள் கட்டியது 11.6 இலட்சம். ஆனால் 50 இலட்சத்தில் குறைந்தது 6.1 இலட்சம் மட்டும்தான். இன்னும் 43.9 இலட்சம் பாக்கி.

காரை 95 இலட்சத்துக்கு விற்கிறீர்கள். பார்ப்பவர்கள் ஐந்து இலட்சம்தான் நட்டம் என்பார்கள். பாக்கியைக் கொடுத்த பின் உங்கள் கையில் 51.1 இலட்சம். நீங்கள் போட்டதோ 61.6 இலட்சம். பத்தரை இலட்சம் போய்விட்டது! காப்புறுதியும் முற்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணமும் இதில் சேரவில்லை.

"அப்ப விலை கூடும் வரைக்கும் வச்சிருப்பமே" என்றான் மருமகன். மூன்று மாதம் வைத்திருந்தால் மூன்றரை இலட்சம் தவணை. அதில் ஒன்றரை இலட்சம் நிறுவனத்தின் பங்காகவே போகும். கடை மூடிக் கிடக்கும் மூன்று மாதத்தில் வாடிக்கையாளர்கள் வேறு கடை பழகிவிடுவார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர என்ன செலவாகும்? அந்த நட்டத்தை எந்தக் காரும் ஈடு செய்யாது.

அன்றே விலையைத் தீர்மானித்தோம். அதே மொடல், அதே வருடம் இன்று என்ன விலை போகிறது என்று நான்கு இடத்தில் விசாரித்து, அதற்குக் கொஞ்சம் கீழே வைத்தோம்.

மறைக்காமல் சொல்லுங்கள்

கண்டியிலிருந்து ஓர் இளைஞர் மெக்கானிக்குடன் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்குள்ள போன காரா?" கம்பளைக் கார் என்றால் இனிச் சில காலத்துக்கு இந்தக் கேள்வி வரும். போகவில்லை என்றோம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு தேடினார்கள். திருப்திப்பட்டார்கள்.

ஆனால் இடது பின் கதவில் ஒரு விஷயம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் நானுஓயா வளைவொன்றில் மண்மேட்டில் உரசி, கதவை நேராக்கிப் பெயின்ட் அடித்திருந்தான். கண்ணுக்குத் தெரியாத நல்ல வேலை. "கேட்டாச் சொல்லுவம் மாமா" என்று என் காதில் சொன்னான். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றேன். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபியவர்கள் கண்டித்த செய்தி நாமெல்லாம் சிறு வயதில் கேட்டதுதானே. கடையில் ஒரு மார்க்கம், கார் விற்க ஒரு மார்க்கம் என்று இல்லை.

அவனே சொன்னான். இளைஞர் விலையில் கொஞ்சம் குறைத்தார். பிறகு மெக்கானிக் பையிலிருந்து பெயின்ட் தடிப்பு அளக்கும் சிறு கருவியை எடுத்துக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார். நாங்கள் சொன்ன இடத்தில் மட்டும் எண் கூடிக் காட்டியது. அதன் பின் பேரம் பேசவில்லை. மறைத்திருந்தால் தண்ணீர் பற்றிச் சொன்ன உண்மையையும் அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள்.

கடைசியாகப் பத்திரம். திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுக்கும் 'ஓபன் பேப்பர்' பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். காசு வங்கிக் கணக்கில் விழுந்த பின் சாவியைக் கொடுங்கள். விற்ற விபரத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

நிதி நிறுவனத்தின் பாக்கியைத் தீர்த்து மீதிக் காசு கைக்கு வந்த மூன்றாம் நாள் கம்பளைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. வாசலில் லொறியிலிருந்து சீனி இறங்கிக்கொண்டிருந்தது. மருமகன் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். எப்படி வந்தீர்கள் என்று கேட்டான். பஸ்ஸில் என்றேன். "நானும்தான் மாமா" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தான்.