வலிக்கும் ஒரு கேட் உண்டு!

கேன்சர் குணமாயிட்டா வலியும் போயிடும்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன், எங்க பெரியம்மாவைப் பார்க்கிற வரைக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம். ரிப்போர்ட் எல்லாம் க்ளீன். ஆனா, அக்குள்ல இருந்து முழங்கை வரை எரியுதுன்னு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பாங்க. "அதான் சரியாயிடுச்சே பெரியம்மா"ன்னு ஒருநாள் சொல்லிட்டேன். அதோட என்கிட்ட வலியைப் பத்திப் பேசுறதையே விட்டுட்டாங்க. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அங்கே ஓடும் நரம்பு அடிபடலாம். புண் ஆறினாலும் அது தப்பான சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். 1965-ல் மெல்சாக், வால்னு ரெண்டு பேர் ஒரு தியரி சொன்னாங்க. வலி சிக்னல், தண்டுவடத்தில் ஒரு 'கேட்'டைத் தாண்டித்தான் மூளைக்குப் போகுமாம். (நம்ம லாஜிக் கேட் இல்லீங்க!) பயமும் பதற்றமும் அதைத் திறக்கும், அமைதியானா கொஞ்சம் மூடும். நிதானமா மூச்சை விடும்போது இதயத்துடிப்பு குறையும், இறுகின தோள் தளரும்.

உங்க வீட்டிலும் இப்படி யாராவது இருந்தா, பக்கத்தில் உட்காருங்க. வயித்து மேல கை. மூக்கு வழியா 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடணும். 5 நிமிஷம் போதும். மூச்சை அடக்க வேணாம். தலை சுத்தினா நிறுத்திடுங்க. மாத்திரைக்கு இது மாற்று இல்லை. வலி புதுசா வந்தாலோ, கூடினாலோ டாக்டர்கிட்டதான் போகணும்.

பெரியம்மாவுக்கு வலி போயிடலை. "பத்துக்கு எட்டுன்னு இருந்தது அஞ்சாகுதுடா"ங்கிறாங்க. ராத்திரி நான்தான் எண்ணுறேன். பல நாள் அவங்களுக்கு முன்னாடி நான் தூங்கிடுறேன்!