வா என்கிற வெருளி

நெல் பால்பிடிக்கும் பருவத்தில் தம்பலகாமத்து வயல்களில் வெருளி நாட்டுவார்கள். குறுக்கே கட்டிய இரண்டு தடிகள், ஒரு பழஞ்சட்டை, தலைக்குக் கவிழ்த்த பானை, அதில் சுண்ணாம்பால் இட்ட இரண்டு பெரிய கண்கள். அங்கிருந்து பேருந்தேறித் திருகோணமலை நகருக்கு வந்து, மதிலில் ஒட்டியிருக்கும் பேய்ப்படச் சுவரொட்டி ஒன்றைப் பார்த்தால், அதுவும் ஏறத்தாழ இதே சாமான்களால் செய்யப்பட்டிருப்பது தெரியும். விழித்த கண், திறந்த வாய், விரித்த கை, மனித உருவம்தான் என்றாலும் எங்கோ ஒரு பிசகு. ஆனால் வெருளி குருவியை விரட்டுகிறது, சுவரொட்டி ஆளைக் கூப்பிடுகிறது. ஒரே உருவத்தால் இரண்டு எதிரெதிர் வேலைகளும் நடக்கின்றன என்றால், வேலையைச் செய்வது உருவம் மட்டும் அல்ல. பேய்ப்படச் சுவரொட்டி என்னும் கைத்தொழிலைப் புரிந்துகொள்ள இந்த முரணிலிருந்து தொடங்குவதே நல்லது.

பயமுறுத்தும் படங்களுக்குத் திருகோணமலை மாவட்டத்தில் என்றும் குறைவு இருந்ததில்லை. மின்மாற்றிக் கம்பத்தில் மண்டையோடு இருக்கிறது. கட்டி முடியாத வீட்டின் முன்னால் கண்ணூறு படாமலிருக்க ஒரு வெருளி தொங்குகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரங்களில் வைத்த சுனாமிப் பலகைகளில் சுருண்டெழும் அலையும் மேட்டை நோக்கி ஓடும் மனிதனும் உண்டு. போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடி அகற்றுவோர் நாட்டிய சிவப்புப் பலகையை இங்கே ஒரு தலைமுறை முழுவதும் அறியும். மண்டையோடு, குறுக்கே எலும்புகள், மிதிவெடி என்ற சொல். இவற்றில் எதுவும் எதையும் மறைப்பதில்லை. ஆபத்து எது, எங்கே இருக்கிறது, நீ என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிடுகின்றன. சுனாமிப் பலகையில் ஓடுகிறவனுக்கு அம்புக்குறி திசை காட்டுகிறது. அபாயப் பலகைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதும் இதற்காகத்தான். ஒருவருக்கும் ஐயம் மிஞ்சக் கூடாது. பேய்ப்படச் சுவரொட்டியிலும் ஒருத்தி ஓடுவாள், அம்புக்குறி மட்டும் இருக்காது. எதிலிருந்து ஓடுகிறாள், தப்புவாளா என்பது தெரியாது. எச்சரிக்கை ஐயத்தைத் தீர்த்துவைக்கிறது, சுவரொட்டி ஐயத்தை விற்கிறது. இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் எதை எவ்வளவு சொல்லாமல் விடுவது என்பதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

ஐயம் ஏன் கிட்ட இழுக்க வேண்டும்? தெரியாத ஆபத்தைக் கண்டால் விலகுவதுதானே உயிரின் இயல்பு? விலங்கியல் வேறு மாதிரிச் சொல்கிறது. தம்மைத் தின்னும் பெரிய மீன் ஒன்று சற்றுத் தூரத்தில் தென்பட்டால், கப்பி போன்ற சிறு மீன்கள் உடனே ஓடிவிடுவதில்லை. ஒன்றிரண்டு கூட்டத்திலிருந்து பிரிந்து, மெல்ல அதை நோக்கிப் போய், பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. ஆப்பிரிக்கப் புல்வெளியில் மான்கள் சிவிங்கிப்புலியைக் கண்டும் இப்படிக் கிட்டப் போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது பசியோடு இருக்கிறதா, நம்மைப் பார்த்துவிட்டதா என்று அறிவது, கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதைவிட உயிருக்குப் பயனுள்ளது. பாதி தெரிந்த ஆபத்து முழுதும் தெரிந்த ஆபத்தைவிடக் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது இதனால்தான். சுவரொட்டி இந்தப் பழைய பழக்கத்தைத் தொட்டு எழுப்புகிறது. எட்டி நின்று பார்க்கப் பாதுகாப்பான ஓர் இடம் உண்டு, அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கலாம் என்ற செய்தியையும் அதோடு சேர்த்துத் தருகிறது.

பார்வையைப் பிடிக்கும் முதல் கருவி கண். மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி வெள்ளை விழி தெரியும் அளவு மற்றக் குரங்கினங்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே ஒரு மனிதர் எங்கே பார்க்கிறார், எவ்வளவு பயந்திருக்கிறார் என்பதை நாம் தூரத்திலிருந்தே படித்துவிடுகிறோம். 2004இல் பால் வேலன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அகல விழித்த கண்களின் வெள்ளையை மட்டும், பார்த்தோம் என்றே உணர முடியாத கணநேரம் காட்டினார்கள். அப்போதும் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி துடித்தெழுந்தது. எழுத்தைப் படிக்கும் முன்பே கண் வேலையை முடித்துவிடுகிறது. இன்னொரு கருவி கீழிருந்து வரும் வெளிச்சம். சூரியன் மேலே இருக்கும் உலகில் முகங்களை நாம் மேல் வெளிச்சத்தில் படித்தே பழகியவர்கள். விளக்கைத் தாடைக்குக் கீழே பிடித்தால் நிழல்கள் தலைகீழாகி, அறிந்த முகமே அந்நியமாகிறது.

ஆனால் இங்கேயே ஒரு நல்ல மறுப்பு எழும். விழித்த கண், கோரைப்பல், மண்டையோட்டு மாலை, கீழிருந்து எரியும் நெய்விளக்கு எல்லாம் காளியின் திருவுருவ மரபில் உண்டே. நகரத்துப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் நடுங்கி ஓடுவதில்லை, கைகூப்புகிறார்களே? என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தக் கோபத்துக்குப் பெயர் உண்டு, கதை உண்டு, இலக்கும் உண்டு. அது அசுரன்மேல் வரும் கோபம், தன்மேல் அல்ல என்பது வணங்குகிறவருக்கு ஐயமறத் தெரியும். உருவம் எவ்வளவு உக்கிரமானாலும் அது தஞ்சமாகிறது. அதே கண்களை எடுத்து, பெயரையும் கதையையும் இலக்கையும் நீக்கி, ஒரு மதிலில் ஒட்டுங்கள். இப்போது அந்தப் பார்வை யார்மேல் என்று தெரியாது. வீதியில் போகிற ஒவ்வொருவர்மேலும் இருக்கலாம்.

உலகப் புகழ்பெற்ற பேய்ப்படச் சுவரொட்டிகள் சில இந்த மறைப்பையே முழு உடலாகக் கொண்டவை. 1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் சுவரொட்டியில் பேயே இல்லை. தெருவிளக்கின் கீழ், கையில் பெட்டியோடு, ஒரு வீட்டின் முன்னால் வந்து நிற்கும் பாதிரியாரின் கரிய உருவமும், வீட்டின் ஜன்னலிலிருந்து வழியும் வெளிச்சமும் மட்டும். வெளிச்சம் நன்மைக்கு அடையாளம் என்று பழகிய கண், இங்கே அதுதான் ஆபத்து வரும் திசை என்று மெல்ல உணர்கிறது. 1968இன் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ சுவரொட்டியில் படுத்திருக்கும் பெண்ணின் முகத்தின்மேல் ஒரு குழந்தை வண்டி நிற்கிறது, குழந்தை தெரியாது. அதை வடிவமைத்த பிலிப் கிப்ஸே செய்த ‘ஏலியன்’ (1979) சுவரொட்டியில் விரிசல் விட்ட முட்டை இருக்கிறது, அதிலிருந்து வரப்போவது இல்லை. தமிழில் இந்த வேலையைப் படத்தின் பெயரே செய்ததற்கு 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ எடுத்துக்காட்டு. கடிதத்தில் எழுதும் சாதாரண வாசகம் அது. அதையே ஒரு பேய்ப்படத்தின் தலைப்பாக இருட்டின்மேல் எழுதியதும், யாரோ நலமில்லை என்பது வாசிக்கிறவருக்கே தோன்றிவிடுகிறது. எழுதியவர் சொல்லவே இல்லை. இந்தியில் அந்தப் படத்துக்கு ஒரு வீட்டு இலக்கமே பெயராக வைக்கப்பட்டது. தமிழ்ப் பெயரின் நுட்பம் அதில் இல்லை.

‘ஜாஸ்’ (1975) சுவரொட்டியில் சுறா வெளிப்படையாக, பல்லெல்லாம் தெரிய இருக்கிறதே, அங்கே என்ன மறைந்திருக்கிறது என்று கேட்கலாம். ரோஜர் காஸ்டல் தீட்டிய அந்த ஓவியத்தில் மறைந்திருப்பது உருவம் அல்ல, அடுத்த நொடி. மேலே நீந்தும் பெண்ணுக்குக் கீழே வருவது தெரியாது. நமக்குத் தெரிந்தும் கத்த முடியாது. கடலை அன்றாடம் பார்க்கும் துறைமுகத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தண்ணீரின் மேற்பரப்பே ஒரு பெரிய மறைப்பு.

நம்முடைய படங்களுக்கு இந்த மறுப்பு இன்னும் வலுவாகப் பொருந்தும். ‘சந்திரமுகி’ (2005), ‘காஞ்சனா’ (2011) போன்றவற்றின் விளம்பரங்கள் பேயை ஒளிக்கவில்லை. குங்குமமும் மையும் அப்பிய ஜோதிகாவின் கண்களும், சிவப்புச் சேலையில் உக்கிரமாய் நிற்கும் ராகவா லாரன்ஸும் முழுதாகவே தெரிந்தார்கள். நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது, பயத்துக்காக அல்ல என்றும் சொல்வார்கள். நட்சத்திரத்தின் பங்கை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நட்சத்திரமே இங்கே மறைப்பின் கருவியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜோதிகாவின் முகம் தமிழ் ரசிகருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் போல அறிந்தது. அறிந்த முகத்துக்குள் அறியாத ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். இது யார் என்ற கேள்வி புதுமுகத்தின் படத்தில் எழவே எழாது. கலையாடுவதையும் பேய் பிடிப்பதையும் கேள்விப்பட்டே வளர்ந்த நம் சமூகத்தில், மேற்கத்தியப் பாழடைந்த மாளிகையைவிட இந்தக் கேள்வி ஆழமாகப் பாய்கிறது. ‘காஞ்சனா’வில் ஒரு சங்கடமும் உண்டு. படத்துக்குள் அந்தத் திருநங்கைப் பாத்திரம் அநீதி இழைக்கப்பட்டவள். கதை அவள் பக்கம் நிற்கிறது. படம் பார்க்காமல் சுவரொட்டியை மட்டும் பார்த்துப் போகிறவருக்கு அந்த நியாயம் போய்ச் சேர்வதில்லை, பயம் மட்டும் சேர்கிறது. சொல்லாமல் விடும் கலைக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது பெரும்பாலும் வடிவமைப்பாளர் அல்ல.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் கறுப்பும் பேய்ப்படத்தின் நிறங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிவப்பு மாலையில் தோற்றுவிடும். வெளிச்சம் மங்கும்போது நம் கண் சிவப்பைக் காணும் திறனை முதலில் இழக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் அறிஞர் கவனித்த இந்த மாற்றத்தால், பகலில் பளிச்சென்றிருந்த இரத்தச் சிவப்பு எழுத்து அந்தியில் கறுப்போடு கலந்துவிட, வெளிறிய முகமும் விழியின் வெள்ளையும் மட்டும் மிதந்து நிற்கும். உட்துறைமுக வீதிப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் ஒரு சுவரொட்டி பகலைவிட அச்சமூட்டுவதாகத் தோன்றினால் காரணம் இதுதான். வெயில் வேறு விதமாக வேலை செய்கிறது. அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் விரைவாக வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கிழக்குக் கரை வெயிலில் சில மாதம் நின்ற பேய் நீலம் பாரித்துப்போகிறது.

இப்போது முன்னோட்டத்தைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்களே, சுவரொட்டிக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. தொலைபேசித் திரையிலும் படத்தைத் தேர்ந்தெடுக்க முதலில் தொடுவது கட்டைவிரல் நகமளவுள்ள ஒரு படத்தைத்தான். இடம் சுருங்கச் சுருங்க மற்றதெல்லாம் உதிர்ந்து, ஒரு கண்ணும் கொஞ்சம் இருட்டும்தான் மிஞ்சுகின்றன. மதிலுக்கும் திரைக்கும் இருக்கும் உண்மையான வேறுபாடு வேறு. திரையை நாம் திறக்கிறோம். மதிலை யாரும் திறப்பதில்லை. அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், மரண அறிவித்தல் ஒட்டவந்த குடும்பத்துக்கும் ஒரே மாதிரித் தன்னைக் காட்டுகிறது. போரும் கடலும் எடுத்துக்கொண்டவர்களின் உறவுகள் நடக்கும் வீதிகள் இவை. சீட்டு வாங்கியவருக்குப் பயம் விளையாட்டு. வாங்காதவர்மேலும் அதைச் சுமத்தலாமா என்ற கேள்வியைத் தணிக்கைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது.

சுவரொட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சுவரொட்டிக்கு இரத்தம் தேவையில்லை என்பதை மேலே சொன்ன ஜன்னல் வெளிச்சமும் குழந்தை வண்டியும் காட்டுகின்றன. அவை யாரையும் காயப்படுத்தாமலே அழைக்கின்றன. ஒன்றே ஒன்றை மட்டும் இந்த மாவட்டத்தின் மதில்களில் செய்யக் கூடாது: அபாயப் பலகையைப் போலவே தோன்றும் சுவரொட்டி. சிவப்புத் தளத்தில் வெள்ளை மண்டையோடு வடிவமைப்பாளருக்கு எளிதில் கைவரும், கண்ணையும் பிடிக்கும். ஆனால் பழகிய எச்சரிக்கை வலுவிழக்கும். வயலில் வெருளியை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் சில நாளில் குருவிகளுக்கு அது பழகிப்போகிறது, பிறகு அதன் தோளிலேயே வந்து உட்காருகின்றன. அதனால்தான் உழவர் அதை இடம் மாற்றி நாட்டுகிறார். மிதிவெடிப் பலகையை அப்படி மாற்றி நாட்ட முடியாது. அந்த உருவத்தைக் கண்டால் நில், தொடாதே, வந்த அடியிலேயே திரும்பு என்று பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.