தாத்தா ஜீப்புக்கு ஒரு ஸ்டார்ட் கொடுப்போமா?

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் உங்க சொந்தக்காரங்க தோட்டத்துல, கோழி அடையுற இடமா மாறிப்போன பழைய ஜீப் ஏதாவது நிக்குதா? பருத்தி மூட்டை ஏத்தின வண்டி, எலெக்‌ஷனுக்கு மைக் கட்டின வண்டி, இன்னைக்கு 'பேசாம எடைக்குப் போட்ருவோமா?'ங்கிற நிலைமையில இருக்கா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. அதை வீட்டு முற்றத்துலயே வச்சு நீங்க மீட்க முடியும். ஒரே ஒரு கண்டிஷன்... அதைப் 'புதுசாக்க' ஆசைப்படாதீங்க. அது எப்படிப் பொறந்துச்சோ அப்படியே எழுப்புங்க. காரணம் கடைசியில வருது.

49 நாள் குழந்தை

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. 'சின்னதா, லேசா, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி வேணும். மாதிரி வண்டி 49 நாள்ல வரணும்.' கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரை வைத்து பான்டம் என்ற குட்டிக் கம்பெனி அதைச் செய்து முடித்தது. அப்புறம் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளிவிட்டன.

இதில் நமக்கு என்ன லாபம்? போர்க்களத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது. சிப்பாயே நாலு ஸ்பேனரை வைத்து ரிப்பேர் பார்க்கிற மாதிரி வடிவமைக்கப்பட்ட வண்டி இது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு செகண்ட் இயர் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் பயப்பட இதில் எதுவுமே இல்லை!

நம்ம ஊர் கதையும் சுவாரஸ்யம்தான். 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட, 1948-ல் அது 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. 1947-லேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்ட ஆரம்பித்திருந்தார்கள். நம்ம கிராமங்களில் பார்க்கிற, பானெட் தூக்கலா இருக்கும் ஜீப், 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த சி.ஜே. 3பி-யின் வாரிசு. புது இன்ஜின் பழசைவிட உயரம். அதற்கு இடம் விடத்தான் பானெட்டும் உயர்ந்தது. அந்தக் குடும்பத்தை மஹிந்திரா பல பத்தாண்டுகள் தயாரித்ததால், ஸ்பேர் பார்ட்ஸுக்கு இன்னமும் பெரிய பஞ்சமில்லை.

முதல் வேலை ஸ்பேனர் இல்ல, பீரோ!

ஆர்.சி. புக்கைத் தேடுங்கள். அதில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். புக் தொலைந்திருந்தால் நகல் கேட்க ஃபாரம் 26. தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசு பெயருக்கு மாற்ற ஃபாரம் 31. இது தேறாமல் வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பேப்பர் இல்லாத ஜீப் ரோட்டுக்கே வர முடியாது.

அப்புறம் செல்போனை எடுத்து எல்லாக் கோணத்திலும் போட்டோ. கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டும் தனி டப்பாவில், மேலே பேர் எழுதி. மூணு மாசம் கழிச்சுத்தான் இதன் அருமை தெரியும்.

இன்ஜின்: வருஷக்கணக்காக நின்ற வண்டிக்கு பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ரெண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஹேண்டிலைப் போட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

டேங்க்: பல மாடல்களில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். ஓட்டை என்றால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க்தான் ரொம்ப ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பிரேக்: பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு சக்கரத்தில் லீக் என்றாலும் நாலும் போச்சு. வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. வண்டிக்கு அடியில் படுக்கும்போது வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

பாடி: கரிசல் மண் அடியில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதைச் சுரண்டினால்தான் துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று தெரியும். குற்றாலச் சாரல் பக்கம் நின்ற வண்டி என்றால் இன்னும் உஷார். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள். பட்டி பார்த்து மறைத்தால் அடுத்த மழையில் குட்டு வெளிப்படும்.

நாலு சக்கரமும் எப்போ?

கியர் லீவர் பக்கத்தில் இருக்கிற குட்டி லீவரைத் தார் ரோட்டில் சீண்டாதீர்கள். வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரம் அதிகம், பின்சக்கரத்துக்குக் குறைவு. மணலில், சேற்றில் சக்கரம் வழுக்கி இதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாததால், அந்த முறுக்கு முழுக்க கியர்களில் ஏறும். கொழுக்குமலைக்குப் போகிற பாறைப்பாதை மாதிரி இடம்தான் அதற்குச் சரி. அங்கே டூரிஸ்ட்டுகளைச் சுமப்பது இன்றைக்கும் ஜீப்தான்.

'ஆல்ட்டர்' ஆசை வேண்டாமே

இப்போ அந்தக் காரணம். பெரிய டயர், வேற இன்ஜின், நாலு ஹாரன் என்று கெத்து காட்டத் தோணும். ஆனால் கம்பெனியின் அசல் வடிவத்தை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு மட்டுமே அந்த அந்தஸ்து. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவில் கண்காட்சி, ராலி மாதிரி விசேஷங்களுக்குத்தான் ஓட்டலாம். காலேஜுக்குத் தினமும் போகணும் என்றால் சாதாரணப் பதிவையே முறையாகப் புதுப்பித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆக, இன்ஜினை மாற்றின அன்றைக்கே தாத்தாவின் ஜீப் சட்டத்தின் கண்ணில் வேற வண்டி. உங்க பட்ஜெட்டை ரெண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், நாளை மூணால் பெருக்குங்கள், ஊரில் வயசான மெக்கானிக் ஒருத்தரை இப்பவே ஃப்ரெண்டு பிடியுங்கள். புத்தகத்தில் இல்லாத பாதி விஷயம் அவர் கையில்தான் இருக்கு.

சரி, இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையா கோழிகளுக்கு வேற இடம் பாருங்க!