தினமும் மூன்று கேள்விகள்: முற்றிய புராஸ்டேட் புற்றுநோயுள்ளவர் வீட்டாருக்கு



ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தகப்பனாருக்கு வயது 68. பயிர்த்தொழில் செய்தவர். ஒரு வருஷமாக ராத்திரியில் நாலைந்து தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு இடுப்பிலும் முதுகிலும் வலி. மண்வெட்டி பிடித்ததால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், எலும்பு எல்லாம் சோதித்த பிறகு, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றும், அது எலும்புக்குப் பரவிவிட்டது என்றும் தெரிந்தது.

மகன் டாக்டரைத் தனியே சந்தித்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அய்யா" என்றான். வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வயலுக்குப் போகக்கூடாது, திண்ணையை விட்டு இறங்கக்கூடாது. பெரியவரும் பேச்சைக் குறைத்துவிட்டார். ராத்திரி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். மனைவிக்கு அது தெரியும். ஆனால் வாய்விட்டுக் கேட்கத் தைரியமில்லை.

இந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. பேச்சுத்தான் இல்லை. பேசாமல் இருப்பதால் தீர்க்கக்கூடிய துன்பங்கள்கூடத் தீராமல் போகின்றன. இத்தகைய வீடுகளுக்காகவே இப்பிரசுரம்.

இது என்ன வியாதி?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் பாதையைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. இதில் உண்டாகும் புற்று பெரும்பாலும் எலும்புகளுக்குப் பரவுகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பு ஆகியவற்றில் அதிகம் காணப்படும்.

இது தொற்று வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாலும் ஒட்டாது. கணவன் மனைவி உறவினாலும் பரவாது. ஆகவே தனித் தட்டு வேண்டாம்.

பரவிவிட்டால் செய்ய ஒன்றுமில்லையா?

உண்டு. எலும்புக்குப் பரவிய பிறகு இந்நோயை அடியோடு நீக்குவது பொதுவாக இயலாது. ஆனால் அடக்கி வைக்க முடியும். நீரிழிவையும் ரத்தக் கொதிப்பையும் மருந்தால் கட்டுப்படுத்தி வாழ்கிறோம் அல்லவா? அதுபோல, சிகிச்சையினால் பல வருஷங்கள் நடமாடி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை காலம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இந்தப் புற்றுக்கு உரம்போல இருப்பது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு நீர். அதன் பெரும்பகுதி விரைகளில் ஊறுகிறது. அதை நிறுத்தினால் புற்று சுருங்குகிறது என்பதை டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இதற்காக 1966-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே. விரைகளைச் சிறு ஆபரேஷன் மூலம் அகற்றலாம். அல்லது மாதம் ஒரு தடவையோ, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஊசி போட்டுக்கொள்ளலாம். இவற்றோடு சேர்த்துக் கொடுக்கப் புதிய மாத்திரைகளும் வந்துள்ளன.

ஊசி போடும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. சில மாத்திரைகளுடன் பிரட்னிசலோன் என்ற மருந்தும் கொடுப்பார்கள். டாக்டர் சொல்லாமல் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

உடம்பில் தெரியும் மாறுதல்கள்

இந்தச் சிகிச்சையினால் திடீர் திடீரென்று உடம்பு சூடேறி வேர்த்துக்கொட்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருகிறதே, அதே மாதிரிதான். ஆகவே இதில் மனைவியின் அனுபவம் கணவருக்கு உதவும். பருத்தித் துணி உடுத்துங்கள். காபி, டீ, அதிகக் காரம் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

சதை தளரும், வயிறு பெருக்கும், சோர்வு வரும். எலும்பு மெலியும். சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடும். மனம் வாடிப்போகும், காரணமில்லாமல் அழுகைகூட வரும். இது கோழைத்தனமல்ல. மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வழி செய்வார்.

எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுவதாக இருந்தால், முன்னதாகப் பல்லைக் காட்டிச் சரிசெய்து கொள்ளவேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் பல் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம். தினமும் காலையில் காபி கொடுக்கும்போது வீட்டில் ஒருவர் இவற்றைக் கேட்கவேண்டும். பெரியவரும் ஒளிக்காமல் பதில் சொல்லவேண்டும்.

முதல் கேள்வி: "வலி எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினீங்களா?"

வலியைப் பொறுத்துக்கொள்வது ஆண்பிள்ளைக்கு அழகு என்று நினைக்கவேண்டாம். வலி இருந்தால் தூக்கமில்லை. தூக்கமில்லாவிட்டால் சாப்பாடும் இறங்காது, நடமாட்டமும் குறையும். வலிக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாவிட்டால் பத்து. அதைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி மாத்திரையை மணிக் கணக்குப்படி கொடுக்கவேண்டும். வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கித் தின்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடுமையான வலிக்கு மார்பின் என்ற மருந்து உண்டு. "அது போதை மருந்தாச்சே, பழகிடுமே!" என்று பலர் பயப்படுகிறார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிது. மார்பின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்றும் அர்த்தமல்ல. வலி இருக்கும் வரையில் சாப்பிட்டு, வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. போதைப் பொருள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தினால், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இதை வாங்கி வைத்துக் கொடுப்பது எளிதாயிற்று.

மார்பின் சாப்பிட்டால் முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும். பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே மலமிளக்கும் மருந்தையும் கூடவே கொடுக்கவேண்டும். மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஒரே எலும்பில் வலி அதிகமானால் அந்த இடத்துக்கு மட்டும் கதிர் சிகிச்சை கொடுக்கலாம். பலருக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதும். சில வாரங்களில் வலி குறையும்.

இரண்டாவது கேள்வி: "ஒண்ணுக்கும் வெளிக்கும் சரியாப் போச்சா?"

இதைக் கேட்கவும் சொல்லவும் கூச்சப்படுவதால்தான் தொல்லை முற்றுகிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, எரிச்சல், ரத்தம் ஆகியவற்றை உடனே சொல்லவேண்டும். அடிவயிறு உப்பிச் சிறுநீர் அறவே வராமல் போனாலும், ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிறுநீர் வெளியேறக் குழாய் போட்டிருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

1. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும்.

2. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும். தரையில் படக்கூடாது.

3. தினம் ஒரு தடவை குழாய் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.

4. குழாயை இழுக்காதீர்கள். மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

5. குளிர் காய்ச்சல் வந்தாலோ, பையில் நீர் சேராமல் நின்றுபோனாலோ உடனே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

மலம் மூன்று நாள் போகாவிட்டால் தெரியப்படுத்துங்கள். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவை உதவும்.

மூன்றாவது கேள்வி: "காலுக்குப் பலம் இருக்கா? மரத்துப் போகுதா?"

மூன்றிலும் இதுவே மிக முக்கியம். முதுகெலும்பில் பரவிய புற்று, அதன் உள்ளே ஓடும் தண்டுவட நரம்பை அழுத்தக்கூடும். முதுகில் புதிதாக வலி வருவது, மார்பையோ வயிற்றையோ சுற்றிக் கயிறு கட்டினாற்போல் இறுக்குவது, இருமினால் அல்லது படுத்தால் வலி கூடுவது, கால் தள்ளாடுவது, செருப்பு கழன்றாலும் தெரியாமல் மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுக்கடங்காமல் போவது — இவை அதன் அறிகுறிகள்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே, அந்த மணியிலேயே 108 வண்டியை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும், "புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியவர், இப்போ கால் பலமில்லை" என்று சொல்லுங்கள். நடக்க முடிகிற போதே வைத்தியம் தொடங்கினால் நடை நிலைக்க வாய்ப்பு அதிகம். கால் விழுந்து நாட்கள் ஆகிவிட்டால் திரும்புவது அரிது. எண்ணெய் தேய்ப்பது, சுளுக்கு வழிப்பது, முதுகை மிதிப்பது ஆகியவை அறவே கூடாது.

கீமோ சிகிச்சை எடுப்பவருக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சாப்பாடும் நடமாட்டமும்

தனிப் பத்தியம் கிடையாது. வீட்டுச் சாப்பாடே போதும். கேழ்வரகு, மோர், பருப்பு, சுண்டல், முட்டை, மீன் நல்லது. பசியில்லாத நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று நச்சரிக்கவேண்டாம். பீடி, சாராயம், புகையிலை வேண்டாம். நாட்டு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை நம்பி ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பதால் சோர்வு தீராது, கூடும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் இயன்ற அளவு நடக்கட்டும். வரப்பில் நடந்து பயிரைப் பார்த்து வரட்டும். பாரம் தூக்குவதும் குனிந்து மூட்டை இழுப்பதும் கூடாது. எலும்பு மெலிந்திருப்பதால் விழுந்தால் முறியும். குளியலறையில் பாசி இல்லாமல் தேய்த்து வையுங்கள். கைபிடிக்க ஒரு கம்பி அடியுங்கள். ராத்திரி ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

படுக்கையிலேயே இருக்க நேர்ந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். முதுகு, பிட்டம், குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினம் பாருங்கள்.

கணவனும் மனைவியும்

இந்தச் சிகிச்சையினால் உடலுறவில் ஆசையும் ஆற்றலும் குறையும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கணவர் ஒதுங்கிப் படுக்கிறார். "என் மேல பிரியம் போயிடுச்சோ" என்று மனைவி நினைக்கிறார். இது மருந்தின் வேலை என்று இருவருக்கும் தெரிந்தால் அந்த வருத்தம் பாதி குறையும். பக்கத்தில் உட்காருவதற்கும், கால் பிடித்துவிடுவதற்கும், பழைய கதை பேசுவதற்கும் தடையில்லை.

பார்த்துக்கொள்ளும் அம்மாவும் மனுஷிதான். மகனும் மருமகளும் முறை வைத்துக்கொண்டு அவருக்கும் ஓய்வு கொடுக்கவேண்டும்.

அப்பாவிடம் சொல்லலாமா?

பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். தமக்குத் தெரியாததுபோல் அவர் நடிக்க, பிள்ளைகளும் நடிக்க, வீடு ஊமையாகிவிடுகிறது. "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு விரும்புறீங்க, அப்பா?" என்று முதலில் கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். நிலம், கடன், பேத்தி கல்யாணம் பற்றி அவருக்கும் சொல்லவேண்டியது இருக்கும். அதற்குக் காலம் கொடுங்கள்.

தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் மற்ற ஆண்களுக்கும் வர வாய்ப்புச் சற்று அதிகம். மகன்கள் 45 வயது வாக்கில் டாக்டரிடம் கலந்து பேசுவது நல்லது.

யாரை அணுகுவது?

முதலில் உங்கள் ஊர் நர்ஸம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையமும். 2021-ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருப்பவரை வீட்டுக்கே வந்து கவனிக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் ஏற்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை உள்ளன. போகும்போது பழைய சீட்டுகள், வலி எழுதிய நோட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை மறவாமல் கொண்டுபோங்கள்.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். நாளைக் காலையில் அந்த அம்மாள் காபியை நீட்டி, "என்னங்க, ராத்திரி வலி இருந்துச்சா?" என்று கேட்கட்டும். அவர், "ஆமா, ரொம்ப இருந்துச்சு" என்று சொல்லட்டும். அன்றைக்கே நர்ஸம்மாவைப் பார்த்தால், அடுத்த ராத்திரி இருவரும் கொஞ்சம் தூங்க வழி பிறக்கும்.