மலை சரியுமுன்னும் சரிந்த பின்னும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போகச் சொன்னார்கள், போவதற்குத்தான் இடமிருக்கவில்லை.

எல்ல மலைச்சரிவுகளிலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைதான். சுவரில் புதிய வெடிப்பு, கதவு இறுகுதல், மரம் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமான்களைப் பாராமல் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். லயத்துப் பின்கானை மழைக்கு முன்னரே துப்புரவாக்குவோம். தகரத்தின் மேல் கல் வைப்பது நமது பழக்கம். பெருங்காற்றில் அந்தக் கல்லே ஆளை அடிக்கும். கம்பியால் இறுகக் கட்டுவதே நல்லது.

அடுத்தது நட்டஈடு. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் அரசு அனர்த்தக் காப்புறுதி கொண்டுவந்தது. அப்போது உச்சத்தொகை 25 இலட்சம் ரூபாவாக இருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காம்பராவுக்கு நம்மிடம் உறுதி ஏது? உடைந்த சுவர் தோட்டத்தினுடையது. உள்ளே நசுங்கிய அலுமாரியும் தையல் இயந்திரமும் நம்முடையவை. அவற்றையாவது எழுத்தில் காட்ட வேண்டும். மண்ணை அள்ளுமுன் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் அறிவித்து, திகதியிட்ட பிரதியை வைத்திருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பிரதிகள் பொலித்தீன் பையில் வாசலருகே தொங்கட்டும்.

எல்ல நகரக் கடைக்காரர்களும் தங்கள் தீக்காப்புறுதியில் மண்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேட்டறிவது நல்லது.