பழைய லேப்டாப், புது கேம், நடுவில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி

கேம் விளையாடும்போது சார்ஜரை மாட்டி வைக்கணுமா, கழட்டி வைக்கணுமா? லேப்டாப்பில் விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது. யூடியூபில் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் அடித்துச் சொல்கிறார்கள். மாட்டியே வைத்தால் ஓவர்சார்ஜ் ஆகி பேட்டரி போய்விடும் என்பார் ஒருவர். கழட்டி விளையாடினால் சார்ஜ் சைக்கிள் வீணாகிறது என்பார் இன்னொருவர். இதைப் பற்றிக் கொஞ்சம் படித்ததில் எனக்குப் புரிந்ததைக் குறித்து வைக்கிறேன். சுருக்கமான பதில் இதுதான்: மாட்டித்தான் விளையாடணும், ஆனால் அந்த நேரத்தில் பேட்டரி 100 சதவீதத்தில் நிற்கக் கூடாது.

ஓவர்சார்ஜ் பயத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம்-அயன் செல் பொதுவாக 4.2 வோல்ட்டைத் தொட்டால் முழுசாக நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஏறவிடாமல் உள்ளே ஒரு சர்க்யூட் நிறுத்திவிடும். அதன் பிறகு சார்ஜரில் இருந்து வரும் மின்சாரம் நேராக மெஷினுக்குப் போகிறது. பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்' என்பதும் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது, சொல்லப்போனால் கெடுதல்.

ஆனால் அந்த 'சும்மா உட்கார்ந்திருப்பது' இருக்கிறதே, அங்கேதான் விஷயம். நிறைந்த செல்லுக்குள் வோல்டேஜ் அதிகம். அந்த நிலையில் எலெக்ட்ரோடும் எலெக்ட்ரோலைட்டும் மெதுவாக ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டே இருக்கும். எலெக்ட்ரோட் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய், வேலைக்குப் பயன்படவேண்டிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். சூடு ஏறினால் இந்த வினை இன்னும் வேகமாகும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு.

பேட்டரி யூனிவர்சிட்டி என்ற தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரியை ஒரு வருஷம் பயன்படுத்தாமல் அப்படியே வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதற்கான கணக்கு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜ் என்றால் 85. 40 டிகிரி, முழு சார்ஜ் என்றால் 65. இதில் ஒரு தடவைகூட பேட்டரியை யாரும் உபயோகப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கத்திரி வெயில் மாதத்தில் சென்னையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாத அறை, 34, 35 டிகிரி. பேட்டரி இருப்பது நம் உள்ளங்கை படுகிற இடத்துக்குக் கீழே, மதர்போர்டை ஒட்டி. கேம் ஓட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அது 40-ஐத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. சார்ஜர் நாள் முழுக்க மாட்டியே கிடக்கிறது, மீட்டர் 100-ல் நிற்கிறது. மேலே சொன்ன நாலு நிலைகளில் மோசமானது எதுவோ, தினமும் சாயந்திரம் அதையேதான் நாம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் முதல் வேலை, சார்ஜுக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்' என்று இருக்கும். ஆசுஸில் 60, 80, 100 என்று தேர்ந்தெடுக்கலாம். டெல்லில் எந்த சதவீதத்தில் நிறுத்தவேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். ஏசரில் 80-ல் நிறுத்தும் வசதி கேர் சென்டரில் இருக்கிறது. எச்பியில் பல மாடல்களுக்கு இது பயாஸுக்குள் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் மேஜையில் வைத்து, மாட்டியே விளையாடுகிறவர் என்றால் 60 போதும். வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போகணும் என்றால் 80.

மாடல் ரொம்பப் பழசு, இந்த வசதியே இல்லை என்றால்? கேம் ஓடும்போது மாட்டி வையுங்கள், வேறு வழி இல்லை. ஆனால் பிரவுசிங், படம் பார்ப்பது, டைப் அடிப்பது மாதிரி லேசான வேலை நேரத்தில் கழட்டிவிட்டு 40 வரைக்கும் இறங்க விடுங்கள். ராத்திரி முழுக்க 100-ல் மாட்டிவிட்டுத் தூங்கப் போகாமல் இருந்தாலே பாதி லாபம்.

கழட்டி விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பேட்டரி 50 வாட்-ஹவர், கேம் ஓடும்போது மெஷின் 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் காலி. அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பேட்டரியே உள்ளுக்குள் சூடாகும். இதைத் தடுக்கத்தான், பேட்டரியில் ஓடும்போது சிபியுவையும் கிராபிக்ஸ் கார்டையும் லேப்டாப் தானாகவே அடக்கி வைக்கிறது. கேம் திக்கித் திக்கி ஓடும், பேட்டரியும் தேயும். இரண்டிலும் நஷ்டம். இன்னும் சிலர் பேட்டரியை மொத்தமாகக் கழற்றி எடுத்துவிட்டு விளையாடலாமே என்பார்கள். திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது சார்ஜருக்குத் துணையாக பேட்டரியில் இருந்தும் எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. பேட்டரி இல்லையென்றால் அவை வேகத்தைக் குறைத்துவிடும். நம்ம ஊர் கரண்ட் கட்டில் சேவ் பண்ணாத கேம் போவது தனிக்கதை.

சரி, சூட்டைக் குறைப்பது எப்படி? என் அக்கா பையனிடம் இருப்பது 2018 காலத்து மெஷின்: இன்டெல் ஐ5-8300எச், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 60 ஹெர்ட்ஸ் திரை. அவனுக்கு கேம் முக்கியம்தான். ஆனால் அதே லேப்டாப்பில்தான் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டையும் முடித்தாகணும், புதுசு வாங்கித் தரும் நிலையில் வீடு இல்லை. அவனுக்காக உட்கார்ந்து படித்ததுதான் இதில் பாதி.

அந்த பிராசசரின் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.0 வரை போகும். பிராசசர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்துக்கு ஏற்ப ஏறும்; வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் கூடணும் என்றால் வோல்டேஜும் கூடியாகணும். அதனால் கடைசி ஒன்றிரண்டு நூறு மெகாஹெர்ட்ஸுக்கு நாம் கொடுக்கும் சூடு, அது தரும் பலனுக்குச் சம்பந்தமே இல்லாத அளவு. அதோடு இந்த வகை லேப்டாப்களில் பலவற்றில் சிபியுவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே செப்புக் குழாய்தான் சூட்டைக் கடத்துகிறது. சிபியு கொதித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் காயும். 100 டிகிரியைத் தொட்டதும் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை அறுத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஏறும். கேம் நடுவில் வெட்டி வெட்டி இழுப்பதற்கு முக்கால்வாசி காரணம் இந்த ஊஞ்சலாட்டம்தான்.

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்று ஒன்று இருக்கும். அதை 100-ல் இருந்து 99 ஆக்கினால் டர்போ அணைந்துவிடும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், வித்தியாசம் சில நிமிஷங்களில் ஃபேன் சத்தத்திலேயே தெரியும். கிராபிக்ஸ் கார்டு திணறும் கேம்களில் இதனால் பெரிய இழப்பு இருக்காது. சிபியுவை நம்பி ஓடும் ஸ்ட்ராடஜி கேம்களில் இழப்பு தெரியும். அப்போது த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் டர்போவை மொத்தமாக அணைக்காமல் 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கட்டிப்போடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

அதே மென்பொருளில் அண்டர்வோல்ட் செய்வது, அதாவது வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் இறக்குவது, ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன வழி. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்டேஜை வேண்டுமென்றே ஆட்டி, இன்டெல் சிப்புக்குள் பத்திரமாக இருக்கவேண்டிய ரகசியங்களைக் கறக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த பயாஸ் அப்டேட்கள் பல லேப்டாப்களில் அந்தக் கதவையே பூட்டிவிட்டன. பழைய வீடியோவைப் பார்த்து முயற்சி செய்து, எண் மாறவே மாட்டேங்குதே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது ஃப்ரேம் வரம்பு. 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கேம் 140 படம் வரைந்தால் மீதி 80-க்கான உழைப்பு பெரும்பாலும் சூடாகத்தான் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், சண்டைக் காட்சியைவிட மெனு திரையில்தான் இது மோசம். அங்கே வரைய ஒன்றுமே இல்லை, அதனால் கார்டு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளும். 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது இதே பிரச்சினையில்தான் பலருடைய கார்டுகள் சூடேறின. ஃப்ரேமுக்கு வரம்பு வைக்கச் சொல்லி பிளிசார்டே வழி சொன்னது. கேமுக்குள்ளேயே வரம்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது. சும்மா சுற்றிப் பார்க்கும் கேம் என்றால் 45-ல் வைத்தாலும் குடி முழுகிப் போகாது.

தூசி பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. வெளியே தெரியும் துவாரத்தில் ஊதினால் போதாது. ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் அடைத்திருக்கும், பின்மூடியைத் திறந்துதான் எடுக்கணும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருஷம் ஆன மெஷினில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கைப்பழக்கம் இல்லையென்றால் கடையில் கொடுத்து மாற்றுவது நல்லது. கூலிங் பேடுக்கு முன்னால் லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துப் பாருங்கள். காற்று இழுக்கும் துளைகளை மட்டும் மறைக்காமல் வைத்தால் பல மாடல்களில் அதுவே போதும். மெத்தை மேல் வைத்து விளையாடுகிறவர்களிடம் மட்டும் சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது வாங்கும்போது இருந்தது, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இப்போது மிச்சம் இருப்பது. 50-க்கு 40 நிற்கிறது என்றால் மேலே சொன்னதெல்லாம் உதவும். 50-க்கு 25 என்றால் மாற்றுவதற்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிடலாம். போனது திரும்பி வராது, இனிமேல் தேய்வதை மட்டும்தான் மெதுவாக்க முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். டச்பேட் மேலே தூக்குகிறது, கிளிக் ஆக மாட்டேங்குது, மூடி சரியாக மூடவில்லை, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. இதில் எது தெரிந்தாலும் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து வீங்கியிருக்கலாம் என்று அர்த்தம். சார்ஜரைக் கழட்டி, மெஷினை அணைத்துவிட்டு, அதைத் தெரிந்தவரிடம் கொண்டுபோய் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது, கேம் முடியட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்பது எதுவும் வேண்டாம். குத்தினால் தீப்பிடிக்கும். எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன. அதனால் புதுசு வாங்கும் இடத்திலேயே பழசை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.